'முதல் கறுப்பினப் பெண்' என்பதற்குப் பிறகு

'முதல் கறுப்பினப் பெண்.' இந்த மூணு வார்த்தையைப் போட்டுவிட்டால் ஈவ்லின் ஃபீல்ட்ஸ் கதை முடிந்துவிடுகிறது. பத்திரிகைக்காரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறான். வெள்ளைக்காரனுக்கும் ஒரு நிம்மதி: பாத்தீங்களா, நாங்க கதவைத் திறந்துதான் வச்சிருக்கோம். கதவை யார் பூட்டி வைத்திருந்தார்கள், எத்தனை வருஷம், சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதெல்லாம் அந்த மூணு வார்த்தைக்குள் காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு இருப்பதைத்தான் இங்கே பேசவேண்டியிருக்கிறது.

ஈவ்லின் ஃபீல்ட்ஸ் 1999 முதல் 2002 வரை அமெரிக்காவின் 'நோவா' அதிகாரிகள் படைக்குத் தலைவர். பதவி ரியர் அட்மிரல். நோவா என்பது கடல், வானிலை, மீன்வளம் எல்லாவற்றையும் ஆராய்கிற அரசு அமைப்பு. ராணுவத் துறையின் கீழ் இல்லை, வணிகத் துறையின் கீழ். அதன் ஆராய்ச்சிக் கப்பல்கள், புயலுக்குள் புகுந்து அளக்கிற விமானங்கள், அவற்றை நடத்துகிற அதிகாரிகள் எல்லாம் அந்த நாற்காலியின் பொறுப்பு. அன்றைக்கு அமெரிக்காவில் சீருடை போட்ட படைகள் ஏழு. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று போகிற வரிசையில் கடைசிக் குட்டி இதுதான். துப்பாக்கி கிடையாது. சிப்பாய் கிடையாது, அதிகாரிகள் மட்டும்தான், அவர்களும் சில நூறு பேர். 1917இல், முதல் உலகப்போர் சமயத்தில், இவர்களுக்குச் சீருடை கொடுத்த காரணமே விசித்திரம். அளவுக்கருவியோடு போர்முனையில் நிற்கிறவன் எதிரியிடம் மாட்டினால் ஒற்றன் என்று சுட்டுவிடுவான்; சீருடை இருந்தால் போர்க்கைதியாகவாவது நடத்துவான்.

அவர் பிறந்தது 1949இல், வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்தில். உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம் இருக்கிற ஊர். ஊர் முழுக்கக் கப்பல், துறைமுகம், சீருடை. இதைச் சொல்லிவிட்டு, 'கடலைப் பார்த்து வளர்ந்த சிறுமி கடலுக்குத் தலைவியானாள்' என்று சினிமா கணக்காக எழுதலாம். எழுதவும் செய்கிறார்கள். ஆனால் அந்தத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குள் கறுப்பர் எங்கே இருந்தார்கள்? முதல் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை கறுப்பர்களைச் சேர்ப்பதையே நிறுத்தியது. 1932இல் மறுபடி சேர்த்தபோது ஒரே ஒரு வேலைக்கு மட்டும்: அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாற, தட்டு கழுவ, படுக்கை விரிக்க. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்ட டோரி மில்லருக்கு அந்தத் துப்பாக்கியில் பயிற்சியே கிடையாது. அவர் மெஸ்ஸில் வேலை பார்த்தவர். பதக்கம் கொடுத்தார்கள், கொடுத்த பிறகும் அவருக்கு மெஸ் வேலைதான். 1942இல்தான் மற்ற வேலைகளைக் கறுப்பர்களுக்குத் திறந்தார்கள். முதல் கறுப்பின அதிகாரிகள் பதிமூணு பேர் வந்தது 1944இல். ஃபீல்ட்ஸ் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு.

பள்ளிக்கூடக் கதை இன்னும் மோசம். இன ஒதுக்கல் பள்ளிகள் சட்டவிரோதம் என்று 1954இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வர்ஜீனியா ஆதிக்கவாதிகள் என்ன செய்தார்கள்? 1958 செப்டம்பரில் நார்ஃபோக்கில் வெள்ளையர் பள்ளிகள் ஆறை இழுத்து மூடினார்கள். பதினேழு கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடச்சொல்லி நீதிமன்றம் சொன்னதற்காக, தன் பிள்ளைகள் பத்தாயிரம் பேரைத் தெருவில் விட்டார்கள். இதை ரெண்டு தடவை படியுங்கள். பதினேழு பேர் உள்ளே வருவதைவிட, தன் வீட்டுப் பத்தாயிரம் பிள்ளைகள் படிக்காமல் கிடந்தாலும் பரவாயில்லை! கிணற்றில் அவன் இறங்கிவிட்டால் கிணற்றையே தூர்த்துவிடு என்கிற புத்தி. நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத புத்தி. நீதிமன்றங்கள் தலையிட்டு 1959 பிப்ரவரியில் பள்ளிகள் திறந்தபோது ஃபீல்ட்ஸுக்கு வயது பத்து.

அவர் பட்டம் வாங்கியது நார்ஃபோக் ஸ்டேட் கல்லூரியில், 1971இல், கணிதத்தில். அந்தக் கல்லூரி 1935இல், பொருளாதாரம் அடித்துப்போட்டிருந்த காலத்தில், 85 மாணவர்களோடு கறுப்பர்களுக்காக ஆரம்பித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் வேறு கல்லூரிகளின் கிளையாகவே இருந்து, 1969இல்தான் தனிக்கல்லூரி ஆனது. ஒண்ணை மனசில் வைக்கவேண்டும். இந்தப் பெண் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் தத்தெடுத்து ஆளாக்கியவர் அல்ல. ஒதுக்கப்பட்டவர்கள் தமக்குத் தாமே நிறுத்திக்கொண்ட கல்லூரியில் கணக்குப் படித்தவர். நோவா அதிகாரியாகவேண்டுமானால் அறிவியலிலோ கணிதத்திலோ பொறியியலிலோ பட்டம் வேண்டும். அந்த வாசலில் வடிகட்டி அதுதான். கணக்கு வாத்தியார் கிடைக்காத பள்ளிக்கூடத்தில் படித்தவனை அந்த வாசலில் யாரும் விரட்டத் தேவையில்லை. அவன் வாசல்வரைக்கும் வந்துசேரவே மாட்டான். 'தகுதி', 'திறமை' என்று வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசுகிறார்கள்.

1972இல் அதே ஊரில் இருந்த நோவாவின் அட்லாண்டிக் கடல் மையத்தில் கடல் வரைபடம் வரைகிற வேலைக்குச் சேர்ந்தார். சீருடை இல்லாத சாதாரண அரசு வேலை. நோவா அதிகாரிகள் படையில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் அதே 1972இல்தான். அடுத்த வருஷம் ஃபீல்ட்ஸ் சேர்ந்தார். அந்தப் படைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்.

வரைபடம் வரைகிற மேசைக்கும் கப்பல் தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கணக்குதான். கப்பல் அடியிலிருந்து ஒலியை அனுப்புகிறார்கள், அது தரையில் பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். போய்வர ஒரு நொடி ஆனால் ஆழம் 750 மீட்டர். கேட்க சுலபம். ஆனால் தண்ணீரின் சூடும் உப்பும் மாறினால் ஒலியின் வேகம் மாறும். ஓதம் ஏறி இறங்கும். கப்பல் ஆடும். எந்த இடத்தில் நின்று அளந்தோம் என்பதே தவறிப்போகும். இத்தனையையும் கழித்துக் கூட்டி, வயலில் உழவுசால் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் கோடு ஓட்டி, ஆயிரக்கணக்கான எண்களை ஒரு தாளில் இறக்கவேண்டும். ஒரு எண் தப்பினால் ஒரு கப்பல் பாறையில் ஏறும். கடலுக்கு நிறம் தெரியாது என்று கவிதை எழுதலாம் தோழர்களே. கப்பலுக்குத் தெரியும். 1973இல் ஒரு கறுப்பினப் பெண் இளநிலை அதிகாரியாக ஏறினால், அவள் போடுகிற எண்ணை ரெண்டு தடவை சரிபார்க்கலாமா என்று யோசிக்கிற கண்கள் அந்தத் தளத்தில் இருந்திருக்கும். இதற்கு ஆவணம் தேவையில்லை. அலுவலகத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்த நம்மாளு யாரைக் கேட்டாலும் சொல்லுவார்.

பதினாறு வருஷம் கழித்து, 1989 ஜனவரியில், 'மெக்ஆர்தர்' என்ற கப்பலுக்குத் தலைவரானார். 175 அடி நீளம், பசிபிக்கில் வேலை. 1986 முதல் 1990 வரை கிழக்குப் பசிபிக்கில், சூரை மீன் வலையில் சிக்கிச் சாகிற டால்பின்களைக் கணக்கெடுத்த கப்பல்களில் இதுவும் ஒண்ணு. ஒரு சின்ன விஷயம்: இந்தக் கப்பலைக் கட்டியது நார்ஃபோக் கப்பல் பட்டறையில், 1965இல் தண்ணீரில் இறக்கினார்கள். அவருக்கு அப்போது வயது 16. சொந்த ஊர்க்காரர் சொந்த ஊர்க் கப்பலை இன்னொரு சமுத்திரத்தில் ஓட்டியிருக்கிறார். அமெரிக்கக் கடற்படையில் ஒரு பெண் கப்பலுக்குத் தலைவரானது 1990 டிசம்பரில். கறுப்பினப் பெண் ஆனது 1999இல், மிஷெல் ஹவர்ட். ஃபீல்ட்ஸுக்குப் பத்து வருஷம் பின்னால். துப்பாக்கி இல்லாத குட்டிப் படை, துப்பாக்கி வைத்திருந்த பெரிய படைக்கு முன்னால் போனது. பெருந்தன்மையால் என்று யாரும் நினைக்கவேண்டாம். போர்க்கப்பலில் பெண் கூடாது என்று சட்டம் சொன்னது. இவர்களுடையது போர்க்கப்பல் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நோவாவின் மூத்த வேர், 1807இல் ஜெஃபர்சன் ஆட்சியில் சட்டம் போட்டு ஆரம்பித்த கடலோர அளவை நிறுவனம். கறுப்பர்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கிறது. 1861இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய வருஷம், அந்த நிறுவனம் ஒரு வரைபடம் போட்டது. கடலின் ஆழம் காட்டுகிற படம் இல்லை. தெற்கு மாநிலங்களில் எந்த மாவட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்று 1860 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்த படம். அடிமைகள் அதிகமானால் கறுப்பு மை அடர்த்தியாகும். லிங்கன் அந்தப் படத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பாராம். விடுதலைப் பிரகடனத்தை அமைச்சர்களிடம் வாசிப்பதாகக் கார்ப்பென்டர் வரைந்த ஓவியத்தின் ஓரத்தில்கூட அது சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தான் பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் கறுப்பர்கள் ஆட்கள் அல்ல, மை அடர்த்தி. வரைகிறவன் வெள்ளையன், வரையப்படுகிறவன் கறுப்பன். நூற்றுப்பத்து வருஷம் கழித்து அதே நிறுவனத்தின் வாரிசு அலுவலகத்தில் ஒரு கறுப்பினப் பெண் பேனாவைப் பிடித்து உட்கார்ந்தார். எனக்கு அட்மிரல் பதவியைவிட இந்த 1972 மேசை பெரிசாகத் தெரிகிறது.

கறுப்பர்களுக்குக் கடல் தெரியாது என்றும் யாரும் சொல்லமுடியாது. 1862 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, 'பிளாண்டர்' கப்பலில் தன் குடும்பத்தையும் மற்ற அடிமைகளையும் ஏற்றிக்கொண்டு, வெள்ளைக் கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டைக்கும் சரியான ஊதல் சமிக்ஞை கொடுத்துக்கொண்டு, அத்தனை பீரங்கிக்கும் முன்னாலேயே தப்பிப்போனார். அந்தத் துறைமுகத்தின் மணல்மேடு, நீரோட்டம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவருக்கு 'பைலட்' என்ற பட்டம் கிடையாது. அது வெள்ளையனுக்கான சொல். அடிமை அதே வேலையைச் செய்தால் 'சுக்கான் பிடிக்கிறவன்'. வேலை உன்னுடையது, பேர் அவனுடையது. தொழில் தெரிந்தவன் ஒருத்தன், தொழிலுக்குப் பேர் வாங்குகிறவன் இன்னொருத்தன் என்பது நமக்குப் புதுசா என்ன?

சரி, கப்பலை விட்டு இறங்குவோம். கப்பல் பார்க்க அழகு, படம் எடுக்க வசதி. அவரது பணிவாழ்வில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது யாரும் படம் எடுக்காத இடம். 1995 முதல் 1997 வரை அதிகாரிகள் பணியாளர் மையத்துக்கு இயக்குநராக இருந்தார். யாரை எங்கே போடுவது, யாருக்கு எந்தக் கப்பல், யார் பதவி உயர்வுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் ஓடுகிற அறை அது. எந்த நிறுவனத்திலும் ஒடுக்குமுறை வாசலில் நின்று தடியைத் தூக்குவதில்லை. அந்த அறையில் கோப்பாக, ஓர் ஓரக்குறிப்பாக உட்கார்ந்திருக்கும். 'கடலில் போதிய அனுபவம் இல்லை' என்று ஒரு வரி. அனுபவம் கிடைக்கிற கப்பலுக்கு அனுப்பாதவனும் அவனே, அனுபவம் இல்லை என்று எழுதுகிறவனும் அவனே. மாணவத் தோழர்கள் பட்டம் முடித்து வேலைக்குப் போகும்போது மேடையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த அறை எங்கே இருக்கிறது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அவர் அந்த அறையில் இருந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை? இங்கேதான் 'முதல்' என்ற வார்த்தை மறைக்கிற பெரிய விஷயம் இருக்கிறது. கிளிண்டன் அரசு 'அரசைச் சின்னதாக்குகிறோம்' என்று கிளம்பிய காலம் அது. இந்தச் சீருடைப் படை எதற்கு, கலைத்துவிட்டுச் சாதாரண ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணி, புது ஆட்கள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இருந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கப்பல்களும் கிழடு தட்டிக்கொண்டிருந்தன. 1998 கடைசியில்தான் காங்கிரஸ் சட்டம் போட்டு, படை இருக்கட்டும், ஆளெடுக்கலாம் என்றது. 1999 ஜனவரியில் கிளிண்டன் ஃபீல்ட்ஸின் பெயரை முன்மொழிந்தார். மே மாதம் செனட் ஒப்புக்கொண்டது.

அதாவது வீடு இடியுமா நிற்குமா என்றிருந்த நேரத்தில் வீட்டுச்சாவி அவர் கைக்கு வந்தது. கொழுத்த காலத்தில் எண்பது வருஷம் ஆண்களே, வெள்ளையரே உட்கார்ந்திருந்த நாற்காலி. ஆளும் குறைந்து, கப்பலும் பழசாகி, சாகப்போகிறது என்று எழுதிவிட்ட பிறகு ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு. திட்டம் போட்டு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் வரிசையில் நின்று, படிப்படியாக ஏறித்தான் வந்தார். ஆனால் இந்த மாதிரி உலகம் முழுக்க நடக்கிறது. காலி கஜானாவுள்ள பஞ்சாயத்து, தோற்கப்போகிற தொகுதி, மூடப்போகிற பிரிவு, இதற்கெல்லாம்தான் முதல் ஆள் தேடுவார்கள். சரிந்தால் 'அவங்களைப் போட்டோம், சரிஞ்சுபோச்சு' என்று சொல்லலாம் அல்லவா?

சரியவில்லை. மறுபடி ஆளெடுத்தார்கள். 1999 ஜூலையில் கென்னடி மகனின் விமானம் கடலில் விழுந்தபோது இடிபாட்டைத் தேடிப்போனவை 'ரூட்', 'ஒயிட்டிங்' என்ற நோவா அளவைக் கப்பல்கள். அதே அக்டோபர் கடைசியில் 217 பேரோடு எகிப்து விமானம் விழுந்தபோதும் 'ஒயிட்டிங்' போனது. 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் சரிந்த பிறகு, அந்த இடிபாட்டு மேட்டை மேலிருந்து லேசர் கருவியால் அளந்தது நோவா விமானம். இதில் வீரசாகசம் ஒண்ணும் இல்லை. தினசரி கோடு ஓட்டி அளந்து பழகியவர்கள் அன்றைக்கும் கோடு ஓட்டி அளந்தார்கள். 2002 நவம்பர் கடைசியில் ஃபீல்ட்ஸ் ஓய்வு பெற்றார்.

ஒரு தோழர் கேட்பார், கேட்கவேண்டும்: அமெரிக்க அரசின் ஓர் அட்மிரலைப் பற்றி நமக்கென்ன பேச்சு? கறுப்பர் என்றால் பாந்தர்களைப் பேசு, மால்கம் எக்ஸைப் பேசு. நியாயம்தான். அந்த வரைபடங்கள் மீன்பிடிப் படகுக்கும் பயன்படும், போர்க்கப்பலுக்கும் பயன்படும். அந்தச் சீருடையைக் கழுவி வெளுக்கிற வேலை எனக்கில்லை. ஃபீல்ட்ஸ் தலைமையில் இருந்த கப்பல்களிலும் இயந்திர அறையிலும் சமையற்கட்டிலும் கயிறு இழுக்கிற இடத்திலும் சீருடை இல்லாத கூலி மாலுமிகள்தான். அவர் வந்ததால் அந்த அடுக்கு கலைந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். பாந்தர்களின் பெயரை 1972இல் பம்பாயில் எடுத்துக்கொண்டோம். 1946இல் டூபாய்ஸுக்கு அம்பேத்கர் எழுதிய கடிதத்தைப் பற்றிப் பேசுகிறோம். கறுப்பினக் கவிதையை மொழிபெயர்க்கிறோம். கணக்குப் போட்ட கறுப்பரை ஏன் படிப்பதில்லை? ஒடுக்கப்பட்டவன் என்றால் பாடுவான், கோபப்படுவான், அடிபடுவான். அளக்கமாட்டான், ஆழம் கணிக்கமாட்டான், நூறு பேருக்கு வேலை ஒதுக்கமாட்டான் என்று நமக்குள்ளேயும் ஒரு பிம்பம் குந்தியிருக்கிறதா? அந்த பிம்பத்தை நமக்குக் கொடுத்தவன் யார்?

அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு இன்னொரு பெண் வர 2021 ஆனது. நான்சி ஹான், புயல் விமானம் ஓட்டியவர். இடையில் 19 வருஷம். 'முதல்' என்று கொண்டாடுகிறவர்கள் ரெண்டாவது ஆள் எப்போது என்று கேட்கமாட்டார்கள். முதல் ஆள் செய்தி, ரெண்டாவது ஆள் உரிமை. செய்தி கொடுக்க அவர்களுக்கு வலிக்காது.

பெயர் வைக்கிற அரசியல் ஒண்ணும் இருக்கிறது. ஃபீல்ட்ஸ் காலத்தில் நோவாவின் பெரிய கப்பல் 'ரொனால்டு பிரவுன்'. வணிகத் துறைக்கு அமைச்சரான முதல் கறுப்பர், 1996இல் குரோஷியாவில் விமான விபத்தில் இறந்தவர், அவர் பெயர். அது சரி. ஃபீல்ட்ஸ் ஓய்வு பெற்று ஏழெட்டு மாதம் ஆனதும், 2003 ஜூலையில், கடற்படையிடமிருந்து வாங்கிய ஒரு கடலாழ அளவைக் கப்பலை நோவா பணியில் இறக்கியது. இறக்கிய ஊர் நார்ஃபோக், அதன் துறைமுகமும் நார்ஃபோக். வைத்த பெயர் 'தாமஸ் ஜெஃபர்சன்'. வாழ்நாளில் 600 அடிமைகளுக்கு மேல் வைத்திருந்தவர்.